டிங்கி வார்டில் இரத்தப் பரிசோதனை எண்களைப் படிப்பது எப்படி

பினாங்குக்கு டிங்கி புதிதல்ல. 1902-லேயே இங்கே பதிவான காய்ச்சல் இது. இரத்தக்கசிவோடு வரும் கடுமையான வகையும் மலேசியாவில் முதலில் பதிவானது 1962-இல், பினாங்கில்தான். இன்றும் வார்டு வாசலில் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி "பிளேட்லெட் எவ்வளவு?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அது மட்டும் போதாது. பிளேட்லெட் 20,000-க்கு இறங்கியவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பதும் உண்டு. 70,000 இருப்பவர் அதிர்ச்சி நிலைக்குள், அதாவது உறுப்புகளுக்கு இரத்தம் போதாத நிலைக்குள், நழுவுவதும் உண்டு. யாருடைய நிலை மோசமாகும் என்பதை முன்கூட்டிக் காட்டுவது ஹெமாடோக்ரிட் என்ற எண். அறிக்கையில் எச்சிடி என்று இருக்கும். அதையும் காய்ச்சல் எத்தனையாவது நாள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நோயாளிக்குத் துணையாக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். சிகிச்சையை முடிவு செய்வது டாக்டர்தான். சரியான தகவலைக் கொடுப்பதும், சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்பதும் உங்களால் முடியும்.

நாள் கணக்கு

காய்ச்சல் தொடங்கிய நாள்தான் முதல் நாள். கிளினிக்குக்குப் போன நாளையோ வார்டில் சேர்த்த நாளையோ முதல் நாளாக எண்ணக்கூடாது. செவ்வாய் இரவு உடம்பு சுட ஆரம்பித்து வெள்ளிக்கிழமை சேர்த்தால், அன்று நான்காம் நாள். இதில் ஒரு நாள் பிசகினால், ஆபத்து எப்போது வரும் என்ற கணிப்பும் ஒரு நாள் பிசகும். எனவே காய்ச்சல் தொடங்கிய தேதியையும், முடிந்தால் நேரத்தையும், சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள்.

ஆபத்தான கட்டம் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் வேளையில் தொடங்கி 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். "காய்ச்சல் விட்டுடுச்சு, வீட்டுக்குப் போகலாமா?" என்று கேட்கத் தோன்றுகிற அதே நேரத்தில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா நீர் கசியத் தொடங்கும். உடம்பு குளிர்ந்த பிறகும் நோயாளி சோர்ந்து கிடந்தால், அது குணமாகும் அறிகுறி அல்ல.

டிங்கி வைரஸின் புரதத்தை இரத்தத்தில் தேடும் என்எஸ்1 பரிசோதனை முதல் ஐந்து நாட்களுக்குள் எடுத்தால் நன்றாகப் பிடிக்கும். முன்பே ஒருமுறை டிங்கி வந்தவருக்கு அது நெகட்டிவ் காட்டக்கூடும். காய்ச்சலின் தொடக்கத்திலேயே ஐஜிஜி (முந்தைய தொற்றில் உருவாகும் எதிர்ப்புப் புரதம்) பாசிட்டிவ் வந்தால் இது இரண்டாவது தொற்றாக இருக்கலாம். அப்படியானால் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல்.

ஒரு தாள், ஐந்து கட்டம்

வெள்ளைத் தாளில் ஐந்து கட்டங்கள் போடுங்கள்: தேதியும் நேரமும், காய்ச்சல் நாள், வெள்ளையணு, எச்சிடி, பிளேட்லெட். எஃப்பிசி (முழு இரத்த அணு எண்ணிக்கை) முடிவு வரும்போதெல்லாம் மிஸ்ஸியிடமோ (நர்ஸ்) டாக்டரிடமோ கேட்டு நிரப்புங்கள். நேரத்தை எழுதாவிட்டால் தாளுக்குப் பயனில்லை. எச்சிடி ஐந்து புள்ளி ஏறியது இரண்டு நாளிலா ஆறு மணி நேரத்திலா என்பதை வைத்துத்தான் அதன் பொருளே மாறுகிறது.

அறிக்கையில் பிளேட்லெட் 45 என்றிருந்தால் 45,000 என்று பொருள். வெள்ளையணு 2.8 என்றால் 2,800. எச்சிடியைச் சில ஆய்வுக்கூடங்கள் 42 என்றும் சில 0.42 என்றும் அச்சிடும், இரண்டும் ஒன்றுதான்.

எண்கள் பொதுவாக ஒரு வரிசையில்தான் நகரும். முதலில் வெள்ளையணு சரியும். அடுத்துப் பிளேட்லெட் இறங்கும். பிளேட்லெட் வேகமாக இறங்கும்போதே எச்சிடி ஏறத் தொடங்கினால், அதுதான் எச்சரிக்கை மணி. குணமாகும்போது முதலில் நிமிர்வது வெள்ளையணு. பிளேட்லெட் அதற்குப் பிறகுதான் ஏறும். பிளேட்லெட் இன்னும் கீழேயே இருந்தாலும் வெள்ளையணு ஏறி, எச்சிடி நிலையாக நின்றால், டாக்டர் முகத்தில் தெரியும் நிம்மதிக்குக் காரணம் அதுதான்.

எச்சிடியைப் படிக்கும் விதம்

இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடம் பிடிக்கின்றன என்பதே எச்சிடி. பிளாஸ்மா நீர் வெளியே கசிந்தால் மிஞ்சிய இரத்தம் கெட்டியாகும், எண் ஏறும். நோயாளியின் வழக்கமான அளவிலிருந்து 20 சதவீதம் ஏறினால் கசிவு உறுதி.

சிக்கல் அந்த வழக்கமான அளவு எது என்பதில்தான். பழைய எஃப்பிசி இருந்தால் தேடி எடுத்து வாருங்கள்: வேலைக்குச் சேரும்போது எடுத்தது, கர்ப்பகாலத்தில் எடுத்தது, நீரிழிவு கிளினிக்கில் எடுத்தது, எதுவானாலும் சரி. எதுவும் இல்லையென்றால், காய்ச்சலின் முதல் மூன்று நாட்களுக்குள் எடுத்த அளவை அடிப்படையாகக் கொள்ளலாம். அதுவும் இல்லாதபோது மலேசிய டிங்கி சிகிச்சை வழிகாட்டி பயன்படுத்தும் எல்லைகள் இவை: 60 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு 46, அதற்கு மேற்பட்ட ஆண்களுக்கு 42, பெண்களுக்கு 40. இவற்றைத் தாண்டினால் கசிவைச் சந்தேகிக்க வேண்டும்.

இந்த எல்லைகள் எல்லாருக்கும் பொருந்தாது. தலசீமியா (பரம்பரை இரத்தசோகை) மரபு உள்ளவர்கள், மாதவிடாயில் அதிகம் இரத்தம் இழக்கும் பெண்கள், கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்பவர்கள் ஆகியோரின் எச்சிடி இயல்பிலேயே குறைவு. 32 வழக்கமாக இருந்த பெண்ணுக்கு 38.4 வந்தாலே 20 சதவீத ஏற்றம். 40-ஐத் தாண்டவில்லையே என்று அவரை விட்டுவிட்டால் தவறிப்போகும். இப்படி ஏதேனும் இருந்தால் சேர்த்த அன்றே சொல்லுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. ஆண், வயது 45, பழைய எச்சிடி 41. இதில் 20 சதவீதம் 8.2, ஆக எல்லை 49.2. மூன்றாம் நாள்: வெள்ளையணு 3.1, எச்சிடி 41, பிளேட்லெட் 138. நான்காம் நாள் காலை: 2.2, 43, 84. ஐந்தாம் நாள் காலை 6 மணிக்குக் காய்ச்சல் இல்லை: 2.0, 47, 41. அன்று நண்பகல் எச்சிடி 49.5. எல்லையைக் கடந்தது நண்பகலில்தான், ஆனால் காலை 6 மணிக்கே கதை தெரிந்துவிட்டது: காய்ச்சல் விட்டது, எச்சிடி ஒரே நாளில் நான்கு புள்ளி ஏறியது, பிளேட்லெட் பாதியாகியது. 20 சதவீதத்துக்காகக் காத்திருக்காமல், அந்த நேரத்திலேயே "அடுத்த எஃப்பிசி எப்போது?" என்று கேட்க வேண்டும். ஆபத்துக் கட்டத்தில் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுப்பது வழக்கம். சொட்டு நீரை (டிரிப்) வேகமாக ஏற்றினால் அதற்கு முன்னும் பின்னும் எடுப்பார்கள்.

எச்சிடி இறங்குவதற்கு இரண்டு எதிரெதிர் காரணங்கள் உண்டு. நோயாளி பசிக்கிறது என்கிறார், சிறுநீர் நிறையப் போகிறது, கைகால் அரிக்கிறது, சிவந்த தோலில் வெள்ளைத் திட்டுகள் தெரிகின்றன என்றால், கசிந்த நீர் குழாய்களுக்குத் திரும்பி வருகிறது. அப்போது சொட்டு நீரைக் குறைத்து நிறுத்துவார்கள். தொடர்ந்து ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். "தண்ணி ஏத்தாம விட்டுட்டாங்க" என்று அப்போது கோபப்பட வேண்டாம். மாறாக, எச்சிடி இறங்கும்போது நாடி வேகமாகி, வயிறு வலித்து, மலம் கறுத்துப் போனால் உள்ளே இரத்தம் போய்க்கொண்டிருக்கலாம். தாமதிக்காமல் மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள். இந்த இரண்டையும் பிரித்தறிய எண் மட்டும் உதவாது, நோயாளியைப் பார்க்க வேண்டும்.

இரத்த அழுத்தத்தில் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கழித்துப் பாருங்கள். 100/80 பார்வைக்குச் சாதாரணமாகத் தெரியும். வித்தியாசம் 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் அது அதிர்ச்சி நிலைக்கான அடையாளம். சிறுநீரும் முக்கியம்: 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்குக் குறைந்தது 30 மில்லி போக வேண்டும்.

எண் பொய் சொல்லும் இடங்கள்

சொட்டு நீர் ஏறும் கையிலேயே இரத்தம் எடுத்தால் மாதிரி நீர்த்து, எச்சிடி குறைவாகக் காட்டும். ரப்பர் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைத்திருந்தால் எச்சிடியும், உடம்புக்கு ஆக்சிஜன் போதாதபோது இரத்தத்தில் சேரும் லாக்டேட்டும் கூடுதலாகக் காட்டும். ஊதா மூடிக் குழாயை மெதுவாகப் பலமுறை கவிழ்த்துக் கலக்காவிட்டால் இரத்தம் உறைந்து, பிளேட்லெட் திடீரென 12 என்று வரும். நோயாளி முன்புபோலவே இருக்க, ஓர் எண் மட்டும் தாவிக் குதித்திருந்தால், மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

மற்ற குறியீடுகள்

லாக்டேட் 2-க்கு மேல் போனால் உறுப்புகளுக்கு இரத்தம் போதவில்லை என்று பொருள். மறுமுறை எடுக்கும்போது இறங்க வேண்டும். கல்லீரல் நொதிகளில் டிங்கியில் ஏஎஸ்டி, ஏஎல்டியைவிட அதிகம் ஏறும். இரண்டில் ஒன்று 1,000-ஐத் தொட்டாலே அது கடுமையான டிங்கி. அளவு கூடினால் பாராசிட்டமாலும் கல்லீரலைத் தாக்கும், எனவே அதை வீட்டில் எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அல்புமின் என்ற இரத்தப் புரதம் 35-க்குக் கீழே இறங்குவது கசிவுக்கு இன்னொரு சாட்சி. ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) டிங்கியில் ஏறுவது வழக்கம். 10,000-ஐத் தாண்டி, ஏழு நாளுக்குப் பிறகும் காய்ச்சல் விடாவிட்டால், உடலின் எதிர்ப்புச் சக்தியே கட்டுமீறிப் போகும் நிலையை டாக்டர்கள் தேடுவார்கள்.

கோவிட், இன்ஃபுளுவென்சா நோயாளிகளுக்கு எச்சிடிக்கு இந்த இடம் கிடையாது. அங்கே ஆக்சிஜன் அளவோடு சிஆர்பி (அழற்சியைக் காட்டும் எண்), லிம்ஃபோசைட் (வெள்ளையணுக்களில் ஒரு வகை), டி-டைமர் (இரத்தக்கட்டியைக் காட்டும் எண்) ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். லிம்ஃபோசைட் 1.0-க்குக் கீழே இறங்கி, சிஆர்பி நாளுக்கு நாள் ஏறினால் கவனம் தேவை.

பப்பாளி இலையும் பிளேட்லெட் பையும்

பப்பாளி இலைச்சாறு பிளேட்லெட்டைச் சற்று விரைவாக ஏற்றுவதாக 2013-இல் வெளியான மலேசிய ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் பிளாஸ்மா கசிவை அது தடுக்கும் என்று காட்டவில்லை. ஏற்கெனவே வாந்தி எடுப்பவருக்குக் கசப்புச் சாற்றைக் கொடுத்தால் குடிக்கும் நீரும் சேர்ந்து வெளியே வரும். அதைவிட உப்பு-சர்க்கரைக் கரைசல், பார்லித் தண்ணீர், கஞ்சி, நிறமில்லாத ஐசோடானிக் பானம் கொடுக்கலாம். சிவப்பு, கறுப்பு நிறப் பானங்கள் வேண்டாம். வாந்தியில் அது இரத்தமா பானமா என்று தெரியாமல் போகும்.

பிளேட்லெட் ஏற்றச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். 20,000-க்குக் கீழே இறங்கிய பெரியவர்களிடம் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், முன்னெச்சரிக்கையாகப் பிளேட்லெட் ஏற்றியது இரத்தக்கசிவைக் குறைக்கவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின. இரத்தம் கசிந்துகொண்டிருந்தால் நிலைமை வேறு.

வீட்டுக்கு அனுப்பும் முன் பார்ப்பவை: மருந்தில்லாமல் 24 முதல் 48 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருப்பது, சொட்டு நீர் இல்லாமல் எச்சிடி நிலையாக நிற்பது, பிளேட்லெட் ஏறுமுகமாக இருப்பது. பிளேட்லெட் 150,000 ஆகும்வரை படுத்திருக்க வேண்டியதில்லை. கல்லீரல் எண்கள் இறங்கக் கூடுதல் நாள் பிடிக்கும், அதற்கு கிளினிக்கில் மறுபரிசோதனைத் தேதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் வயிற்று வலி, நாளுக்கு மூன்று முறைக்கு மேல் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், குழப்பம், மூச்சிரைப்பு இவற்றில் ஒன்று வந்தாலும், அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.