கேட்டலிஸ்ட் 9000 சுவிட்சுகளில் ஐஓஎஸ் எக்ஸ்இ மேம்படுத்தல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெட்வொர்க்கில் சாதனங்களை இணைக்கும் சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 9000 வரிசைச் சுவிட்சுகளில் இயங்கும் ஐஓஎஸ் எக்ஸ்இ இயக்க மென்பொருளை மேம்படுத்தும்போது ஏற்படும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய பதிப்பு காரணமாவதில்லை. எந்தப் பதிப்புக்குப் போகிறோம், பழைய பதிப்புக்குத் திரும்ப வழி இருக்கிறதா என்ற இரண்டையும் பார்க்காமல் வேலையைத் தொடங்குவதே காரணமாகிறது.

எண் பெரிதாக இருக்கிறது என்பதற்காகவே ஒரு பதிப்பைத் தேர்ந்தெடுப்பது முதல் தவறு. 17.3, 17.6, 17.9, 17.12 என மூன்றுக்கு ஒன்றாக வருபவை நீண்ட காலப் பராமரிப்புப் பதிப்புகள். இடையில் வருபவற்றுக்குத் திருத்தங்கள் கிடைக்கும் காலம் மிகக் குறைவு. குறிப்பிட்ட ஓர் அம்சம் உண்மையிலேயே தேவைப்பட்டாலன்றி, நூற்றுக்கணக்கான பயனர்களைத் தாங்கும் சுவிட்சில் இடைப்பட்ட பதிப்பை ஏற்றுவது வீண் துணிச்சல் என்பேன். விரும்பும் அம்சம் கையிலுள்ள மாடலுக்கும் உரிமத்துக்கும் உண்டா என்பதையும் வெளியீட்டுக் குறிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். 9200 வரிசைக்கு உரியது 'லைட்' என்ற பெயர் தாங்கிய தனி இமேஜ் (மென்பொருள் கோப்பு) என்பதைக்கூட மறந்து, 9300-க்கு உரிய கோப்பைப் பதிவிறக்குபவர்கள் உண்டு.

எண்ணுக்குப் பின்னால் வரும் சிற்றெழுத்தை அலட்சியம் செய்வதும் தவறே. 2023 அக்டோபரில் ஐஓஎஸ் எக்ஸ்இ-யின் வெப் யூஐ பகுதியில் (பிரவுசர் வழியே சுவிட்சை நிர்வகிக்கும் பகுதி), தீவிர மதிப்பெண்ணில் பத்துக்கு 10 பெற்ற பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளிப்பட்டபோது, 17.9 வரிசையில் அதற்கான திருத்தம் 17.9.4ஏ என்ற பதிப்பில்தான் வந்தது, 17.9.4-இல் அது இல்லை. அந்தத் தாக்குதலில் ஊடுருவியவர்கள் வைத்த நிரல், சுவிட்ச் ரீலோட் (மறுதொடக்கம்) ஆனதும் அழிந்துவிட்டது. ஆனால் அவர்கள் உருவாக்கிய நிர்வாகிக் கணக்குகள் அப்படியே இருந்தன. ஆகவே, மேம்படுத்திவிட்டோம் என்று நிம்மதியடைவதற்கு முன் பயனர் கணக்குகளின் பட்டியலை ஒருமுறை பார்ப்பது அவசியம். வெப் யூஐ தேவையில்லை என்றால் அதற்கு வழிதரும் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் ஆகிய இரண்டு சேவைகளையும் தனித்தனிக் கட்டளைகளால் நிறுத்த வேண்டும். ஒன்றை மட்டும் நிறுத்தினால் மற்றொன்று திறந்தே கிடக்கும்.

அடுத்து, சுவிட்ச் எந்த முறையில் பூட் ஆகிறது என்று பார்க்காமல் இறங்குவது. பண்டில் முறையில் ஒரே 'பின்' (.bin) கோப்பிலிருந்து நேரடியாகவும், இன்ஸ்டால் முறையில் 'பேக்கேஜஸ்.கான்ஃப்' கோப்பு சுட்டும் பொதிகளிலிருந்தும் சுவிட்ச் இயங்கத் தொடங்குகிறது. பழைய பழக்கத்தில் 'பின்' கோப்பை ஃப்ளாஷில் (சுவிட்சின் உள் நினைவகத்தில்) வைத்து, எந்தக் கோப்பிலிருந்து எழ வேண்டும் என்று சொல்லும் பூட் வரியை மாற்றி ரீலோட் செய்தாலும் சுவிட்ச் எழும்தான். ஆனால் பேட்ச் (சிறு திருத்தம்) ஏற்றுவது, ஸ்டேக்கில் (ஒன்றாக இணைந்து ஒரே சுவிட்சாக இயங்கும் தொகுதியில்) புதிதாகச் சேரும் சுவிட்சைத் தானாக அதே பதிப்புக்குக் கொண்டுவருவது போன்றவை இன்ஸ்டால் முறையில் மட்டுமே நடக்கும்.

இன்ஸ்டால் முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆட் (கோப்பைச் சேர்த்தல்), ஆக்டிவேட் (இயக்கத்துக்குக் கொண்டுவருதல்), கமிட் (உறுதிப்படுத்தல்) ஆகிய மூன்று படிகளையும் தனித்தனியாகச் செய்பவர்கள் கடைசிப் படியை மறந்துவிடுகிறார்கள். ஆக்டிவேட் செய்த கணத்திலிருந்து இரண்டு மணி நேரக் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அதற்குள் கமிட் செய்யாவிட்டால் சுவிட்ச் தானாகவே ரீலோட் ஆகிப் பழைய பதிப்புக்குத் திரும்பிவிடும். இரவு 11 மணிக்கு ஆக்டிவேட் செய்து, எல்லாம் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவருக்கு, 1 மணிக்கு மொத்தத் தளமும் விழுந்து எழுந்ததாக எச்சரிக்கை வரும். அவரோ புதிய பதிப்பைத் திட்டிக்கொண்டிருப்பார். 'ஷோ இன்ஸ்டால் சம்மரி' கட்டளை தரும் அட்டவணையில் பதிப்புக்கு எதிரே 'யூ' என்ற எழுத்து இருந்தால் கமிட் ஆகவில்லை, 'சி' என்று இருந்தால் ஆகிவிட்டது. இதைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. உண்மையில் அந்தக் கடிகாரம் நமக்குச் சாதகமானது: தொலைவிலுள்ள கிளையில் புதிய பதிப்பு எழுந்தும் நம்மால் உள்ளே நுழைய முடியாமல் போனால், அதுவே பழையதை மீட்டுத் தரும். மூன்று படிகளையும் ஒரே வரியில் கொடுப்பவர்கள் இந்தப் பாதுகாப்பை இழக்கிறார்கள்.

ஃப்ளாஷில் இடம் பிடிக்கும் பழைய பொதிகளை நீக்கும் கட்டளையைப் பலர் நேரம் தவறிப் பயன்படுத்துகிறார்கள். மேம்படுத்தலுக்கு முன் இடம் உண்டாக்க அதைக் கொடுப்பது சரி; முடிந்த கையோடு கொடுத்தால் ரோல்பேக் செய்வதற்கான (பழைய பதிப்புக்குத் திரும்புவதற்கான) பொதிகளே போய்விடும். சில நாட்கள் கழித்துச் செய்தால் ஒன்றும் கெடாது.

முதல் ரீலோடில், மென்பொருளைத் தொடக்கிவைக்கும் சிறு நிரலான பூட் லோடரும் சேர்ந்து புதுப்பிக்கப்படலாம் என்பதால் வழக்கத்தைவிட நேரம் பிடிக்கும். பொறுமையிழந்து மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் கொடுப்பதே இங்கே செய்யக்கூடிய மிக மோசமான காரியம். சுவிட்சோடு நேரடியாகப் பேச உதவும் கன்சோல் கேபிளை இணைத்து என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுவிட்சிலிருந்து மின்சாரம் பெறும் வைஃபை அக்சஸ் பாயின்ட்டுகளும் கேமராக்களும் இதில் அணைந்து எழக்கூடும் என்பதையும் நேரக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கான்ஃபிக் (சுவிட்சின் அமைப்புகள்) பேக்கப் சுவிட்சுக்கு வெளியேயும் இருக்க வேண்டும். புதிய பதிப்பில் சேமித்த கான்ஃபிக்கைப் பழைய பதிப்பு படிக்கும்போது, தனக்குப் புரியாத வரிகளை விட்டுவிடும். ஆகவே மேம்படுத்தலுக்கு முன் எடுத்த நகலே திரும்பும்போது பயன்படும். அதே வேளையில் பக்கத்துச் சாதனங்களின் பட்டியல், பல நெட்வொர்க்குகளின் போக்குவரத்தைச் சுமக்கும் டிரங்க் போர்ட்டுகளின் நிலை, ரவுட்டிங் அட்டவணை ஆகியவற்றையும் கோப்பில் சேமித்து, ரீலோடுக்குப் பின் எடுத்தவற்றோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். பிங்குக்கு (சாதனம் எட்டுகிறதா என்ற சோதனைக்கு) பதில் வருகிறது என்பதை மட்டும் நம்பிக் கமிட் செய்யக் கூடாது.