ஸ்டார்ட்அப்பில் தெரியாத புரோகிராம் இருந்தால் எப்படிச் சோதிப்பது?

போன மாதம் அக்கா தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். வினாத்தாளை பென்டிரைவில் போட்டு ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்திருக்கிறார். "தம்பி, ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறிப்போச்சு. அழுத்தினா திறக்கத்தான் செய்யுது, ஆனா எல்லாத்துலயும் ஒரு அம்புக்குறி இருக்கு" என்றார்.

ஸ்டார்ட்அப் பட்டியலை, அதாவது கணினி தொடங்கும்போது தானாக ஓடும் புரோகிராம்களின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். தமிழ்த் தட்டச்சு மென்பொருள், ஒன்டிரைவ், ஜூம் என்று தெரிந்தவைதான். இரண்டு மட்டும் புரியவில்லை. ஒன்று விநோதமான பெயரில் இருந்தது, இன்னொன்றின் பதிப்பாளர் இடத்தில் மைக்ரோசாப்ட் கார்ப்பரேஷன் என்று இருந்தது. விநோதமான பெயரை நிறுத்திவிட்டு மைக்ரோசாப்டை அப்படியே விட்டுவிட்டேன். நான் நிறுத்தியது ஒலி அட்டைக்கான துணை மென்பொருள் என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து அக்கா புது பென்டிரைவ் செருகினார், அதிலும் ஃபோல்டர்கள் ஷார்ட்கட் ஆகிவிட்டன. வில்லங்கம் அந்த மைக்ரோசாப்ட் வரியில்தான் இருந்தது. அதற்கு அப்புறம்தான் உட்கார்ந்து ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

முதல் படி: பட்டியலை முழுதாகப் பாருங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போங்கள். அங்கே முதலில் தெரிவது பெயர், பதிப்பாளர், நிலை, தொடக்கத் தாக்கம் என்ற நான்கு நெடுவரிசைகள்தான். இது போதாது. நெடுவரிசைத் தலைப்பின் மேல் ரைட் கிளிக் செய்து "கமாண்ட் லைன்" என்பதை டிக் செய்யுங்கள். நான் தவறவிட்ட இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பெயரும் பதிப்பாளரும் எந்த எக்ஸ்இ (புரோகிராமின் இயங்கும் கோப்பு) ஓடுகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். அந்த எக்ஸ்இக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்பது கமாண்ட் லைனில்தான் இருக்கும். அக்காவின் கணினியில் இருந்தது "விண்டோஸ் பேஸ்டு ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்", அதாவது டபிள்யூஸ்கிரிப்ட். அது உண்மையிலேயே மைக்ரோசாப்ட் செய்தது, விண்டோஸுடன் வருவது, கையொப்பமும் (இன்னார் செய்தது, நடுவில் யாரும் மாற்றவில்லை என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை) சரியானது. ஆனால் அது ஒரு வாகனம் மாதிரி, உள்ளே யாரை ஏற்றினாலும் கொண்டுபோகும். கமாண்ட் லைனைப் பார்த்தபோது டபிள்யூஸ்கிரிப்டுக்குப் பின்னால் ஆப்டேட்டா ரோமிங் ஃபோல்டருக்குள் (புரோகிராம்கள் பயனருக்கான தகவல்களை வைக்கும் இடம்) இருந்த ஒரு விபிஎஸ் (கட்டளைகள் எழுதிய ஸ்கிரிப்ட்) கோப்பின் முழுப் பாதை இருந்தது. சோதிக்க வேண்டியது அந்த விபிஎஸ்ஸை.

இதே மாதிரி பிறருக்காக ஓடும் மைக்ரோசாப்ட் புரோகிராம்கள் இன்னும் சில உண்டு: ரன்டிஎல்எல்32, எம்எஸ்எச்டிஏ, சிஎம்டி, பவர்ஷெல். இவற்றில் எதையாவது ஸ்டார்ட்அப்பில் பார்த்தால் பதிப்பாளர் பெயரை மறந்துவிட்டு, அதற்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். நீளமாக, வாசிக்கவே முடியாத எழுத்துக் குவியலாக இருந்தால் சந்தேகப்படலாம்.

இரண்டாம் படி: கோப்பு எங்கே இருக்கிறது

வரியின் மேல் ரைட் கிளிக் செய்து "ஓப்பன் ஃபைல் லொகேஷன்" கொடுங்கள். புரோகிராம் ஃபைல்ஸ் என்றால் பெரும்பாலும் நீங்களோ வேறு யாரோ முறைப்படி நிறுவியது. டெம்ப், டவுன்லோட்ஸ், பப்ளிக் ஃபோல்டர்களில் இருந்து ஒன்று தினமும் தானாகத் தொடங்குகிறது என்றால் அதற்கு நல்ல காரணம் இருப்பது அபூர்வம். ஆப்டேட்டா இரண்டும் கெட்டான். டிஸ்கார்டு, ஜூம் போன்ற நல்ல மென்பொருள்களும் அங்கேதான் உட்காரும், வைரஸும் அங்கேதான் உட்காரும், ஏனென்றால் அங்கே எழுத அட்மின் அனுமதி தேவையில்லை.

விண்டோஸின் சொந்தக் கோப்பு மாதிரி பெயர் வைத்துக்கொண்டு வருபவையும் உண்டு. எஸ்விசிஹோஸ்ட் இருக்க வேண்டிய இடம் சிஸ்டம்32, அல்லது சிஸ்வாவ்64. அதைத் தொடங்குவது விண்டோஸின் சர்வீசஸ் புரோகிராம், ஸ்டார்ட்அப் பட்டியலில் அதற்கு வேலையே இல்லை. அங்கே அதைப் பார்த்தாலோ, நடுவில் வி, சி எழுத்துகள் இடம் மாறி இருந்தாலோ உடனே உஷாராகிவிடுங்கள்.

இந்தக் காரணத்தால்தான் "இந்த எக்ஸ்இ நல்லதா கெட்டதா" என்று பெயரை வைத்து பதில் சொல்லும் தளங்களை நான் நம்புவதில்லை. பெயரை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். அந்தத் தளங்கள் சிலவற்றில் பதிலுக்குக் கீழேயே ஒரு "கிளீனர்" மென்பொருளை இறக்கச் சொல்வார்கள், தயவுசெய்து இறக்காதீர்கள்.

மூன்றாம் படி: கையொப்பம்

கோப்பின் பிராப்பர்ட்டீஸில் "டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்" தாவல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெயரைத் தேர்ந்தெடுத்து "டீடெய்ல்ஸ்" அழுத்துங்கள், கையொப்பம் செல்லும் என்று அங்கே சொல்ல வேண்டும். தாவல் இல்லாவிட்டால் உடனே பயப்பட வேண்டாம். விண்டோஸுடன் வரும் பல கோப்புகளில் அந்தத் தாவலே இருக்காது. அவற்றின் கையொப்பம் தனியாக கேட்டலாக் கோப்புகளில் இருக்கும். இது தெரியாமல் நோட்பேடையே போலி என்று சந்தேகித்து அரை மணி நேரம் வீணாக்கினேன்.

கையொப்பம் இருந்தால் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீம்பொருள், ரியல்டெக், ஜேமைக்ரான் நிறுவனங்களிடம் இருந்து திருடப்பட்ட சான்றிதழ்களால் கையொப்பமிடப்பட்டிருந்தது. வீட்டுக் கணினிக்கு அந்த அளவு யாரும் மெனக்கெட மாட்டார்கள், ஆனாலும் அடுத்த படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

நான்காம் படி: வைரஸ்டோட்டல்

2004இல் ஸ்பெயினில் தொடங்கி, 2012 முதல் கூகுளிடம் இருக்கும் தளம் இது. ஒரு கோப்பைக் கொடுத்தால் ஏறக்குறைய 70 ஆன்டிவைரஸ் எஞ்சின்கள் அதைப் பற்றி என்ன சொல்கின்றன என்று காட்டும். ஆனால் நீங்கள் ஏற்றும் கோப்பு அங்கேயே தங்கும், பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதை எடுத்துப் பார்க்கலாம். அதனால் சொந்த ஆவணங்களை ஏற்றக் கூடாது. நான் முதலில் ஹாஷ் (கோப்பின் கைரேகை மாதிரியான குறியீடு) மட்டும்தான் தேடுவேன். கோப்புகளைச் சுருக்கும் 7-ஜிப் மென்பொருள் இருந்தால் கோப்பில் ரைட் கிளிக் செய்து அதில் உள்ள சிஆர்சி எஸ்எச்ஏ மெனுவில் எஸ்எச்ஏ-256ஐத் தேர்ந்தெடுங்கள், 64 எழுத்துகள் வரும். அதை வைரஸ்டோட்டல் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள்.

பலருக்கும் குழப்பம் முடிவைப் படிப்பதில்தான். ஒன்றிரண்டு எஞ்சின்கள் மட்டும் சிவப்புக் காட்டினால் அது தவறான எச்சரிக்கையாக இருக்கலாம். குறிப்பாகத் தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் இடைமறித்துத்தான் வேலை செய்கின்றன, விசைகளைத் திருடும் வைரஸும் அதையேதான் செய்யும், அதனால் எஞ்சின் குழம்புவது சகஜம். பத்து இருபது எஞ்சின்கள் ஒரே குரலில் சொன்னால் சந்தேகமே வேண்டாம். பூஜ்யம் வந்தால்? "டீடெய்ல்ஸ்" பகுதியில் முதன்முதலில் ஏற்றப்பட்ட தேதியைப் பாருங்கள். மூன்று வருடமாகத் தெரிந்த கோப்புக்குப் பூஜ்யம் என்றால் நிம்மதி. நேற்றுத்தான் முதலில் வந்தது என்றால் அந்தப் பூஜ்யத்துக்கு மதிப்பு குறைவு.

அக்காவின் விபிஎஸ்ஸை டபுள் கிளிக் செய்யாமல் ரைட் கிளிக்கில் நோட்பேடில் திறந்தேன். ஒரு வார்த்தைகூட வாசிக்கும்படி இல்லை, எண்களும் எழுத்துகளும் இடைவெளியே இல்லாமல் பக்கம் பக்கமாக ஓடின, கடைசியில் மட்டும் அதை அவிழ்த்து இயக்கும் இரண்டு வரிகள் இருந்தன. ஒழுங்கான வேலை செய்யும் ஸ்கிரிப்ட் இப்படி ஒளிந்துகொள்ளாது.

கெட்டது என்று உறுதியானால்

வரிசை முக்கியம். முதலில் டாஸ்க் மேனேஜரில் ஓடிக்கொண்டிருக்கும் டபிள்யூஸ்கிரிப்டை நிறுத்துங்கள். அது ஓடும்போது ஸ்டார்ட்அப் வரியை அழித்தால் சில நொடிகளில் திரும்ப எழுதிவிடும். அப்புறம் ஸ்டார்ட்அப் வரியை முடக்குங்கள், பிறகு கோப்பை நீக்குங்கள், கடைசியாக விண்டோஸ் டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள், கணினி மறுதொடக்கம் ஆகிச் சுமார் 15 நிமிடம் எடுக்கும். பென்டிரைவில் உங்கள் ஃபோல்டர்கள் எங்கும் போகவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். மறைந்த கோப்புகளைக் காட்டு என்று கொடுத்தால் மட்டும் வராது, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் "பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறை" என்பதன் டிக்கையும் எடுக்க வேண்டும். ஃபோல்டர்களை நகலெடுத்துவிட்டு பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடுங்கள்.

உறுதி இல்லை என்றால் அழிக்காதீர்கள், முடக்கி மட்டும் வையுங்கள். ஒரு வாரம் பாருங்கள். எதுவும் கெடாவிட்டால் அது தேவையில்லாதது, கெட்டால் ஒரு கிளிக்கில் திரும்பக் கொண்டுவரலாம்.

பின்சேர்க்கை

படித்துவிட்டு ஒருவர், தன் பட்டியலில் வெறும் "புரோகிராம்" என்று, வெள்ளை ஐகானுடன், பதிப்பாளரே இல்லாமல் ஒரு வரி இருக்கிறது, வைரஸா என்று கேட்டார். பெரும்பாலும் இல்லை. "புரோகிராம் ஃபைல்ஸ்" என்பதில் இடைவெளி இருக்கிறது அல்லவா, பாதையை மேற்கோள் குறிக்குள் போடாமல் எழுதிய மென்பொருளை நீக்கிய பிறகு, விண்டோஸ் முதல் சொல்லோடு நின்று அதையே பெயராகக் காட்டுகிறது. கமாண்ட் லைனில் முழுப் பாதை தெரியும், அவருடையது எப்போதோ நீக்கிய பிரிண்டர் மென்பொருளின் மிச்சம்.

இன்னொருவருக்குப் பட்டியல் சுத்தமாக இருந்தும் கணினி தொடங்கும்போது ஒரு கறுப்புச் சன்னல் மின்னி மறைகிறதாம். டாஸ்க் ஷெட்யூலர் வழியாகத் தொடங்குபவை டாஸ்க் மேனேஜர் பட்டியலில் வராது. இதற்கு எனக்குப் பிடித்தது ஆட்டோரன்ஸ். சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்று, மைக்ரோசாப்ட் தளத்திலேயே இலவசம், நிறுவத் தேவையில்லை. அட்மினாகத் திறந்து, ஆப்ஷன்ஸில் கையொப்பச் சரிபார்ப்பையும் வைரஸ்டோட்டல் சோதனையையும் டிக் செய்துகொண்டு "ஷெட்யூல்டு டாஸ்க்ஸ்" தாவலைப் பாருங்கள். மஞ்சள் வரி என்றால் கோப்பே இல்லை, பழைய மிச்சம். இளஞ்சிவப்பு என்றால் கையொப்பம் உறுதியாகவில்லை, முதலில் அவற்றைச் சோதியுங்கள். அங்கேயும் டிக்கை எடுத்தால் முடக்கம்தான், டெலீட் கொடுத்தால்தான் வரி போகும், கோப்பு அப்போதும் வட்டில் இருக்கும்.