யெஸ்டியில் பாயிண்ட் டைமிங் வைப்பது: முதலில் கேப், அப்புறம்தான் டைமிங்

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு ஏறும் சாலையில் அப்பாவின் யெஸ்டி பைக் மூச்சு வாங்க ஆரம்பித்தது. சைலன்சர் வழக்கத்தைவிடச் சூடு, இழுவை இல்லை. டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், பின்னால் போய்விட்டது (தாமதமாகிவிட்டது) என்று புரிந்து, வீட்டு முற்றத்தில் வைத்து நானே டைமிங்கைச் சரிசெய்தேன். கடைசியாகப் பாயிண்டை (பொறிக்கான மின்சாரத்தை வெட்டிவிடும் சிறு சுவிட்சை) பார்த்தபோது அதன் இரு முகங்களுக்கு நடுவிலுள்ள கேப் குறைவாகத் தெரிந்ததால் அதையும் கூட்டிவிட்டு மூடினேன். மறுநாள் காலை முதல் கிக்கிலேயே கிக்கர் கம்பி திருப்பிக் காலில் அடித்தது. கணுக்கால் வீங்கி நான்கு நாள் செருப்பு போட முடியவில்லை.

தக்கலைப் பக்கம் பழைய வண்டிகளை மட்டுமே பார்க்கும் ஓர் ஆசான் இருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் சொன்னார்: "மக்கா, கேப்ப மாத்தினா டைமிங்கும் மாறிப்போவும். மொதல்ல கேப்பு, பொறவுதான் டைமிங்கு."

டைமிங் வேலையில் உயிரான விஷயம் அதுதான். பாயிண்ட் திறக்கும் நொடியில்தான் பிளக்கில் பொறி விழுகிறது. கேப் அதிகமானால் பாயிண்ட் முன்கூட்டியே திறக்கும், டைமிங் முன்னால் போகும். இன்ஜினோடு சுற்றிப் பாயிண்டைத் திறக்கும் மேடுதான் கேம். அந்தக் கேமில் உரசும் பாயிண்டின் ஃபைபர் தேயத் தேய கேப் குறையும், டைமிங் தானாகவே பின்னால் போகும். எங்கள் வண்டி மலையேறத் திணறியது அப்படித் தேய்ந்ததால். நான் டைமிங் வைத்த பிறகு கேப்பைக் கூட்டியதால் பொறி அளவுக்கு மீறி முன்னால் போய், மேலே ஏறிக்கொண்டிருந்த பிஸ்டனைத் திருப்பித் தள்ளிவிட்டது.

இந்த முறை பாயிண்ட் உள்ள ஜாவா, யெஸ்டி வகை வண்டிகளுக்கு. ஆர்.எக்ஸ். 100 போன்ற சி.டி.ஐ. (மின்னணு முறையில் பொறி தரும்) வண்டிகளில் பாயிண்டே கிடையாது என்பதால் இது பொருந்தாது.

என்னென்ன வேண்டும்

பிளக் ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), பீப் ஒலி தரும் மல்டிமீட்டர், ஜீரோ நம்பர் உப்புத்தாள், கொஞ்சம் பெட்ரோல், வெள்ளைத் துணி. பிஸ்டனின் உயரத்தை அளக்க, பிளக் துளையில் மாட்டும் டயல் கேஜ் இருந்தால் நல்லது.

டயல் கேஜ் இல்லாவிட்டால் ஒரு பழைய பிளக்கின் பீங்கானையும் அடியில் வளைந்திருக்கும் முனையையும் நீக்கி, உள்ளே தாராளமாக ஏறி இறங்கும்படி ஒரு சைக்கிள் கம்பியை விடுங்கள். உள்ளே போகும் முனையை அரத்தால் உருட்டிவிட வேண்டும், இல்லையென்றால் பிஸ்டன் தலையில் கீறல் விழும். நான் இன்றைக்கும் இந்தக் கம்பியைத்தான் வைத்திருக்கிறேன்.

1. தயார் செய்தல்

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பிளக்கைக் கழற்றி, வலப்பக்க மூடியைத் திறங்கள். வண்டியை டாப் கியரில் போடுங்கள். இனி இன்ஜினைச் சுற்றப் பின்சக்கரத்தைக் கையால் முன்னோக்கித் திருப்பினால் போதும், இன்ஜின் ஓடும்போது சுற்றும் அதே திசையில் சுற்றும். சுற்றும்போது விரலைச் செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம்.

2. பாயிண்டைச் சுத்தம் செய்தல்

குளச்சல், முட்டம் பக்கம் வண்டி வைத்திருப்பவர்கள் இதில் அவசரப்படக் கூடாது. உப்புக் காற்றும், இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தின் ஈரமும் சேர்ந்து பாயிண்ட் முகத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு படலத்தை உண்டாக்கும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பெட்ரோல் நனைத்த துணியால் துடையுங்கள். ஒரு முகத்தில் குழியும் எதிர் முகத்தில் மேடும் இருந்தால் கண்டன்சரை (பாயிண்டில் பொறி பறக்காமல் காக்கும் பாகத்தை) சந்தேகப்படலாம், பாயிண்டையும் மாற்றிவிடுவது நல்லது. கேமில் உரசும் ஃபெல்ட் (எண்ணெய் ஊறிய கம்பளித் துண்டு) காய்ந்திருந்தால் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். அதற்கு மேல் விட்டால் அது தெறித்துப் பாயிண்டில் படியும்.

3. கேப் வைத்தல்

பாயிண்ட் முழுதாகத் திறக்கும் வரை சக்கரத்தைச் சுற்றுங்கள். ஃபீலர் கேஜில் 0.4 மில்லிமீட்டர் தகட்டை நுழைத்தால், வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி லேசான பிடிப்போடு போய்வர வேண்டும். இல்லையென்றால் பாயிண்டின் பூட்டுத் திருகைத் தளர்த்திச் சரிசெய்து இறுக்குங்கள். இறுக்கும்போது கேப் நகரும், அதனால் இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். இதற்கு மேல் இந்தத் திருகைத் தொடாதீர்கள்.

4. பிஸ்டனை 3 மில்லிமீட்டரில் நிறுத்துதல்

கலவை எரிந்து முடிய நேரம் வேண்டும் என்பதால், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பொறி விழ வேண்டும். இந்த 250 சி.சி. வண்டிகளில் அது உச்சிக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் முன்னால். 75 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கில் அது கிட்டத்தட்ட 20 டிகிரி. உங்கள் மாடலின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றிலும் பொறி விழுவதால், எந்தச் சுற்று என்று தேட வேண்டியதில்லை.

கம்பியுள்ள பிளக்கை மாட்டிச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். கம்பி ஏறி, ஒரு கணம் நின்று, இறங்கும். நின்ற இடம்தான் உச்சி. பிளக் விளிம்பில் கம்பியின் மீது மெல்லிய கோடு போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து 3 மில்லிமீட்டர் மேலே இன்னொரு கோடு. பிளக் துளை சாய்வாக இருந்தால் இந்த அளவு சற்றுப் பிசகும், ஹெட்டைக் கழற்றி அளப்பதே சரி.

இப்போது சக்கரத்தைப் பின்னோக்கி நன்றாகத் திருப்பி, கம்பி தாழ்ந்ததும் மறுபடி முன்னோக்கிக் கொண்டுவந்து, மேல் கோடு விளிம்பைத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் அப்படியே கொஞ்சம் பின்னால் இழுத்து நிறுத்தக் கூடாது. செயினிலும் கியரிலும் உள்ள ஆட்டம் அளவைக் கெடுக்கும். மறுபடி கீழிருந்தே வாருங்கள். அரை மில்லிமீட்டர் தவறினாலே 2 டிகிரிக்குப் பக்கத்தில் மாறிவிடும்.

5. திறக்கும் நொடியைப் பிடித்தல்

சாவி ஆஃபில் இருக்கட்டும். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலிலிருந்து பாயிண்டுக்கு வரும் ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பாயிண்டிலும் மறுமுனையை இன்ஜின் உலோகத்திலும் வையுங்கள். மூடியிருந்தால் பீப் கேட்கும், திறந்த நொடியில் நின்றுவிடும். மீட்டர் இல்லாதவர்கள் பட்டம் ஒட்டும் மெல்லிய தாளைப் பாயிண்டுக்கு நடுவில் வைத்து இழுத்துப் பிடிக்கலாம், பிடி விட்ட இடமே திறந்த இடம்.

பாயிண்ட் பொருத்தியிருக்கும் பேஸ் பிளேட்டின் திருகுகளைத் தளர்த்தி, பீப் அப்போதுதான் நிற்கிறது என்ற இடம் வரை பிளேட்டை மெதுவாகத் திருப்புங்கள். கேம் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் டைமிங் முன்னால் போகும், கேமோடு சேர்த்துத் திருப்பினால் பின்னால். இறுக்குங்கள். பிறகு சக்கரத்தைப் பின்னால் கொண்டுபோய், முன்னோக்கிச் சுற்றி மறுபடி பாருங்கள். கம்பியின் மேல் கோடு விளிம்புக்கு வரும்போதே பீப் நிற்க வேண்டும். இரண்டு முறை அடுத்தடுத்துச் சரியாக வந்தால்தான் நான் ஒயரை மாட்டுவேன்.

6. ஓட்டிப் பார்த்தல்

கிக் திருப்பி அடித்தாலோ, த்ராட்டிலைத் திறக்கும்போது இன்ஜினுக்குள் டக் டக் என்று தட்டினாலோ டைமிங் முன்னால் இருக்கிறது. அப்படியே ஓட்டினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். சத்தமில்லாமல் சோம்பலாக ஓடி சைலன்சர் அதிகம் சுட்டால் பின்னால் இருக்கிறது.

நான் சோதிப்பது முப்பந்தலிலிருந்து நாகர்கோவில் திரும்பும் வழியில். ஆடிக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் எதிரே வந்து மோதும்போது, மேடில்லாமலே இன்ஜினுக்கு முழுச் சுமை கிடைத்துவிடும். டாப் கியரில் அங்கே தட்டல் இல்லாமல் இழுத்தால் திருப்தியாக வீட்டுக்கு வரலாம்.

புதுப் பாயிண்ட் போட்டிருந்தால் ஃபைபர் முதலில் வேகமாகத் தேயும். ஒரு 300 கிலோமீட்டர் ஓடியதும் மூடியைத் திறந்து கேப்பை அளந்து பாருங்கள். அதைத் தொட்டால் டைமிங்கையும் முதலிலிருந்து வைக்க வேண்டும்.