அம்மாவின் பல்செட் மங்கியது ஏன்: என் அனுபவம்

தக்கலையில் எங்களோடு இருக்கும் அம்மாவின் அக்ரிலிக் பல்செட்டில் வாடை நீங்கவில்லை. வெளிப்புறமும் வெளிறி மங்கியது. பற்பசையால் தேய்த்தும், ஸ்பிரிட்டால் துடைத்தும், கொதிநீரில் போட்டும் ஒரு வாரம் வீணானது. ஈரத்தில் பளபளக்கும் செட், உலர்ந்ததும் மங்குவதைக் கவனித்த பிறகே, அது அழுக்கன்று, பற்பசை உண்டாக்கிய கீறல் என்று புரிந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, ஸ்பிரிட் பட்ட பல்லடிகளில் முடியிழை போன்ற வெடிப்புகளும் தெரிந்தன. நாகர்கோவிலில் பல் மருத்துவர் வெளிப்புறத்தை மெருகேற்றித் தந்தார்.

இப்போது முதலில் பாத்திரம் கழுவும் சோப்புநீராலும் மென்மையான பிரஷாலும் கழுவுகிறேன், அழுக்கு இருந்தால் அடுத்து ஊறவைக்கும் மருந்தின் வீரியம் குறைந்துவிடும். பிறகு ஒரு பங்கு 5% சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற பிளீச் திரவத்தை ஒன்பது பங்கு குளிர்ந்த நீரில் கலந்து, கடிகாரம் பார்த்து 10 நிமிடம் மட்டும் ஊறவைத்து, ஓடும் நீரில் நன்றாக அலசுகிறேன். உலோகக் கம்பியுள்ள செட்டுக்கு இது ஆகாது, அரித்துவிடும். மூன்றாம் நாளே வாடை நின்றது, நிம்மதியானது. இரவில் செட் வெறும் தண்ணீரில் கிடக்கிறது.