சென்னைத் தோட்டத்தில் வேரூன்றிய மல்பெரிச் செடியைப் பராமரித்தல்

ராஸ்பெர்ரிச் செடி காய்க்க வேண்டுமானால், குளிர்காலத்தில் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே பல நூறு மணி நேரம் அது உறங்கிக் கிடக்க வேண்டும். மார்கழி விடியலிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் சென்னையில் அதற்கு வழியில்லை. கொத்துக் கொத்தாகப் பழுக்கும் கனியை வீட்டிலேயே பறித்து உண்ண விரும்புவோருக்கு, நம் வெயிலைத் தாங்கும் மல்பெரி, அதாவது முசுக்கொட்டை, மிகப் பொருத்தமானது. நட்டு ஓராண்டைக் கடந்து, தண்டு விரல் பருமனைத் தாண்டிய செடிக்குரிய பராமரிப்பை இங்கே கூறுகிறேன்.

எல்லாவற்றிலும் முதன்மையானது கவாத்து, அதாவது கிளைகளை அளவாக வெட்டிவிடுவது. மல்பெரி, கிளையிலிருந்து புதிதாக வெடிக்கும் தளிரின் இலைக்கணுக்களில்தான் பூத்துக் காய்க்கிறது. ஆகவே வெட்டாமல் விட்ட செடி உயர்ந்துகொண்டே போய், எட்டாத நுனியில் மட்டும் சில பழங்களைத் தரும். ஆசையாய் வளர்த்த கிளையை வெட்ட மனம் வராதுதான். ஆனால் இச்செடிக்கு அந்தத் தயக்கம் நன்மை செய்வதில்லை. மார்பளவு உயரத்தில் மூன்று அல்லது நான்கு முதன்மைக் கிளைகளை நிறுத்திக்கொண்டு, அவற்றிலிருந்து பிரியும் பக்கக் கிளைகளை இரண்டு மூன்று கணுக்கள் மட்டும் மிஞ்சுமாறு, கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். காய்ந்தவை, ஒன்றோடொன்று உரசுபவை, உள்நோக்கி வளர்பவை ஆகியவற்றை அடியோடு நீக்கிவிட்டு, எஞ்சிய இலைகளையும் உருவிவிட வேண்டும். வெட்டிய இடத்தில் பால் கசிவது இயல்பே. கத்தரியை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்த பிறகே அடுத்த செடிக்குச் செல்லுங்கள்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், தை மாத இறுதியில் ஒரு கவாத்தும், அக்கினி நட்சத்திரம் கழிந்து ஆனி மாதத்தில் இன்னொன்றும் செய்வது சென்னைக்கு ஏற்றது. வெட்டியதிலிருந்து ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பழம் கைக்கு வரும். மே மாதத்தில் கடுமையாக வெட்டினால் நிழலிழந்த தண்டு வெயிலில் வெந்துவிடும். ஐப்பசி மழையில் வெட்டினால் தளிர்கள் பூச்சிக்கே இரையாகும்.

இலையற்ற செடி மிகக் குறைவாகவே நீரை உறிஞ்சும் என்பதால், கவாத்து முடிந்ததும் நீரைக் குறைத்து, தளிர் விட்ட பிறகு மெல்ல மெல்லக் கூட்டுங்கள். தொட்டிச் செடிகள் பல இந்தக் கட்டத்தில் ஊற்றும் மிகை நீரால்தான் வேரழுகிப் போகின்றன. திருவான்மியூர், கொட்டிவாக்கம் போன்ற மணற்பாங்கான பகுதிகளில் நீர் நில்லாது இறங்கிவிடுவதால் தொழு உரமும், சருகு, வைக்கோல் போன்றவற்றால் மண்ணை மூடும் மூடாக்கும் கூடுதலாகத் தேவை. அண்ணா நகர், கொளத்தூர் போன்ற களிமண் பகுதிகளில் மழைக்காலத்துக்கு முன்பே வடிகால் வெட்டி, தண்டைச் சுற்றியுள்ள மூடாக்கை விலக்கிவிட வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் இலை விளிம்பு கருகும். அப்போது அவ்வப்போது நல்ல நீரை நிறைய ஊற்றி, உப்பை வேருக்குக் கீழே இறக்குங்கள்.

உரத்தைப் பொறுத்தவரை, ஒவ்வொரு கவாத்துக்குப் பின்னும் இரண்டு கை மண்புழு உரமும் ஒரு கை வேப்பம்பிண்ணாக்கும் இட்டு மண்ணைக் கிளறிவிட்டால் போதும்.

பூச்சிகளில் மாவுப்பூச்சியே பெருந்தொல்லை. தளிர் நுனி தட்டையாகி, இலைகள் தடித்துச் சுருண்டு கரும்பச்சையாக மாறினால் அது துக்ரா எனப்படும் பாதிப்பு. இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி சாறு உறிஞ்சுவதால் வருவது. அந்த நுனிகளை ஒடித்துச் சோப்பு நீரில் அமிழ்த்திவிட்டு, ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புடன் கலந்து மாலையில் தெளியுங்கள். வீரியமான இரசாயன மருந்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாமும் குழந்தைகளும் பறித்தவுடன் உண்ணும் கனி இது. அதோடு, அம்மருந்து மாவுப்பூச்சியை உண்ணும் பொறிவண்டுகளையும் கொன்றுவிடும். 2008-இல் கோவைப் பகுதியில் தோன்றி மல்பெரித் தோட்டங்களை அழித்த பப்பாளி மாவுப்பூச்சியை இறுதியில் அடக்கியவை, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகளே; அவை மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை அழிப்பவை. மழைக்காலத்தில் நுனியிலைகளை நூலால் பிணைத்து உள்ளிருந்து தின்னும் புழுவையும் கையால் நீக்குவதே எளிது. செடி காரணமின்றி வாடி, வேரில் முடிச்சுகள் தென்பட்டால் அது மண்ணில் வாழ்ந்து வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவின் வேலை. அப்புழுவுக்கு இரையாகும் தக்காளி, கத்தரியை அருகில் நடுவதைத் தவிர்த்து, செண்டுமல்லியை ஊடே நடுங்கள்.

சிவந்த காயைப் பறித்துவிடாதீர்கள். அது புளிக்கும், பறித்த பின் இனிக்கவும் செய்யாது. நன்கு கறுத்து, தொட்டவுடன் காம்போடு கையில் வரும் பழமே பழுத்தது. குயிலும் மைனாவும் அணிலும் விடியலிலேயே வந்துவிடுமாதலால், தாழ்ந்த கிளைகளை மெல்லிய துணிப்பைகளால் மூடிவிட்டு, உச்சிக் கிளைகளை அவற்றுக்கு விட்டுவிடலாம். பறித்த பழத்தை உண்ணும்போது மட்டுமே கழுவுங்கள். ஈரத்தோடு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மறுநாளே நைந்துபோகும்.