உள்ளே வெட்டிய மெக்

வேல்ஸ் மலைச்சரிவில் என் பார்டர் கோலி இன மேய்ப்பு நாய் மெக் ஓடுவதைப் பார்ப்பதே கண்ணுக்கு விருந்து. ஆனால் நாய் ஆடுகளை ஓட்டிவரும் போட்டியில் ஒரே குறை: ஆடுகளை அகலமாகச் சுற்றிப் பின்னால் போகாமல் பாதியிலேயே உள்ளே வெட்டிவிடுவாள். ஆடுகள் மிரண்டு சிதறும். 100 புள்ளிகளில் 20 அந்த முதல் ஓட்டத்துக்கே; அது கெட்டால் பின்னால் வருவதெல்லாம் கெடும்.

நானோ தூரத்தில் நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தேன். தவறு அங்கேதான். எட்டாத தூரத்தில் நாயைத் திருத்த முடியாது. தூரத்தை 30 மீட்டராகக் குறைத்தேன். அவளுக்கும் ஆடுகளுக்கும் நடுவே நின்று, 'கம் பை' என்று வலஞ்சுழியாக அனுப்பினேன். அவள் தோள் உள்ளே சாய்ந்த நொடியில் அந்தத் தோளை நோக்கி இரண்டடி வைத்தேன். தலை வெளியே திரும்பியது, வட்டம் விரிந்தது. உடனே பின்வாங்கி, வாயைத் திறக்காமல் நின்றேன். அவளுக்கு அந்த விலகல்தான் பாராட்டு.

தினம் பத்தே நிமிடம், ஆறு வாரம். தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். அடுத்த போட்டியில் ஆடுகளுக்கு நேர் பின்னால் போய்ப் படுத்தாள். ஐந்து ஆடுகளும் தலை தூக்கின. ஒன்று குளம்பால் தரையைத் தட்டியது. பிறகு அமைதியாக என்னை நோக்கி நடந்து வந்தன.