நோட் 20-இலிருந்து 24-க்கு மாறுவது எப்படி: இயல்புநிலை மாற்றங்கள், வழுத்திருத்தங்கள், புதிய வசதிகள்

ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் மென்பொருளான, நோட்.ஜேஎஸ் போன்ற ரன்டைமின் புதிய பதிப்பு வெளிவந்தவுடன் நம்மில் பலர் வெளியீட்டுக் குறிப்பைத் திறந்து, புதிய வசதிகளின் பட்டியலைத்தான் முதலில் படிக்கிறோம். புதிய வசதியை நாம் அழைக்காத வரை அதனால் நம் நிரலுக்கு நன்மையும் இல்லை, தீங்கும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்துபவை பெரும்பாலும் வேறு இரண்டு: சத்தமில்லாமல் மாறிய இயல்புநிலை மதிப்புகளும் (நாம் எதுவும் குறிப்பிடாதபோது ரன்டைம் தானாக எடுத்துக்கொள்பவை), நம்மை அறியாமல் நாம் சார்ந்திருந்த ஒரு வழு திருத்தப்பட்டுவிடுவதும். நோட்.ஜேஎஸ் 20-ஆம் பதிப்பிலிருந்து 24-க்கு மாறுபவர் எதை முதலில் பார்க்க வேண்டும், எதை எப்போது சோதிக்க வேண்டும் என்பதை இந்த நோக்கிலிருந்தே விளக்குகிறேன்.

20-ஆம் பதிப்புக்கான ஆதரவு 2026 ஏப்ரல் 30 வரை மட்டுமே. 22-க்கு 2027 ஏப்ரல் 30 வரையும், 24-க்கு 2028 ஏப்ரல் 30 வரையும் ஆதரவு உண்டு. ஆதரவு முடிந்த பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. எனவே மாறுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு இடமில்லை, எப்படி மாறுவது என்பதே கேள்வி.

முன்பொரு முறை ஒரு சிறிய சர்வரை 16-இலிருந்து 18-க்கு மாற்றினேன். நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. ஆனால் அதே கணினியில் ஓடிய இன்னொரு சேவையுடன் பேச முடியாமல், இணைப்பு மறுக்கப்பட்டதாகப் பிழை வந்துகொண்டே இருந்தது. பிழைச்செய்தியின் கடைசியில் இருந்த முகவரியைக் கவனிக்க எனக்கு அரை நாள் பிடித்தது: அங்கே ஐபிவி4 முகவரியான 127.0.0.1 இல்லை, ஐபிவி6 முகவரியான ::1 என்று இருந்தது. நோட் 17 முதல், அதே கணினியைக் குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயருக்கு இயங்குதளம் தரும் முகவரிகளை அது தரும் வரிசையிலேயே ஏற்றுக்கொள்வது இயல்புநிலையாகிவிட்டது; அதற்கு முன் ஐபிவி4 முகவரியே முன்னுக்குக் கொண்டுவரப்பட்டது. மறுமுனையில் இருந்த சேவையோ ஐபிவி4 முகவரியில் மட்டும் காதுகொடுத்துக் கொண்டிருந்தது. 20-ஆம் பதிப்பில் இரு வகை முகவரிகளையும் முயன்று பார்ப்பது இயல்புநிலையானதால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆனால் அன்று கற்ற பழக்கம் என்னிடம் நிலைத்துவிட்டது: வெளியீட்டுக் குறிப்பில் ‘இயல்புநிலை’ என்ற சொல் வரும் வரிகளை முதலில் தேடிப் படித்த பிறகே மற்றவற்றுக்குப் போகிறேன்.

மாறுவதற்கு முன்

பழைய பதிப்பை நீக்காமல், என்விஎம் போன்ற பதிப்பு மேலாளரைக் கொண்டு 20, 22, 24 மூன்றையும் ஒரே கணினியில் அருகருகே நிறுவிக்கொள்ளுங்கள். 20-இலிருந்து நேரே 24-க்குத் தாவுவதை நான் பரிந்துரைப்பதில்லை. சோதனைகளை முதலில் 20-இலும், அடுத்து 22-இலும், அதன்பின் 24-இலும் ஓட்டினால், ஏதேனும் உடையும்போது அது எந்தப் படியில் உடைந்தது என்பது தானாகவே தெரிந்துவிடும். தேட வேண்டிய வெளியீட்டுக் குறிப்பும் பாதியாகக் குறையும்.

20-இல் இருக்கும்போதே ஒரு வேலையை முடித்துவிடுவது நல்லது. நோட்-ஐ இயக்கும்போது ‘டிரேஸ் டெப்ரிகேஷன்’, ‘பெண்டிங் டெப்ரிகேஷன்’ என்ற இரு கொடிகளையும் (கட்டளையுடன் தரும் விருப்பங்கள்) சேர்த்து ஓட்டிப் பாருங்கள். கைவிடப்படவுள்ள எந்தச் செயல்கூறு எந்தக் கோப்பின் எந்த வரியிலிருந்து அழைக்கப்படுகிறது என்பதை முதற்கொடி காட்டும். இன்னும் எச்சரிக்கையாக வெளிவராதவற்றையும் இரண்டாவது கொடி வெளிக்கொணரும். எச்சரிக்கை நம் நிரலிலிருந்து வருகிறதா, பிறர் எழுதி நாம் நிறுவிய பேக்கேஜிலிருந்து வருகிறதா என்று பிரித்துக்கொள்ளுங்கள். நம் நிரலில் வருவதை இப்போதே திருத்தலாம்; பேக்கேஜில் வருவதற்கு அதன் புதிய பதிப்பு உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு பதிப்புக்கு மாறும்போதும் நோட்-இன் பேக்கேஜ் மேலாளரான என்பிஎம் தரும் ‘என்பிஎம் சிஐ’ கட்டளையைக் கொண்டு பேக்கேஜ்களைப் புதிதாக நிறுவுங்கள். அது பேக்கேஜ்கள் இருக்கும் நோட் மாட்யூல்ஸ் கோப்புறையை முழுவதுமாக அழித்துவிட்டு, லாக் கோப்பில் பதிந்துவைக்கப்பட்ட பேக்கேஜ் பதிப்புகளையே மீண்டும் நிறுவும். இதைச் செய்யாதவர்களுக்கு வரும் பிழை ஒன்று உண்டு: ஒரு மாட்யூல் 115 என்ற எண்ணுக்காகத் தொகுக்கப்பட்டுள்ளது, இந்த நோட்-க்கு 137 தேவை என்று அது சொல்லும். அந்த எண்கள் நோட்-இன் பதிப்பு எண்கள் அல்ல; சி++ நிரல்கள் நோட்-உடன் ஒட்டிக்கொள்ளும் இடைமுகத்தின் எண்கள். 20-க்கு 115, 22-க்கு 127, 24-க்கு 137. படங்களைச் செயலாக்குதல், கடவுச்சொல்லை ஹாஷ் செய்தல் போன்றவற்றுக்கான பேக்கேஜ்கள் சிலவற்றில் இத்தகைய தொகுக்கப்பட்ட பகுதி இருக்கும். மறுநிறுவல் போதாதபோது, அந்தப் பேக்கேஜ் புதிய ரன்டைமை ஆதரிக்கும் பதிப்பை வெளியிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்த எண்ணைச் சாராத நோட்-ஏபிஐ இடைமுகத்தில் எழுதப்பட்டவற்றுக்கு இத்தொல்லை இல்லை.

இயல்புநிலையில் மாறியவை

22-ஆம் பதிப்பில், தரவைத் துண்டு துண்டாகக் கடத்தும் ஸ்ட்ரீம்களின் இடையக அளவு 16 கிலோபைட்டிலிருந்து 64 கிலோபைட்டாக உயர்ந்தது. வேகம் கூடுகிறது; அதற்கு விலையாக நினைவகப் பயன்பாடும் சற்றுக் கூடுகிறது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான ஸ்ட்ரீம்களைத் திறந்து வைத்திருக்கும் சர்வர், நினைவக வரம்பு இறுக்கமாக வைக்கப்பட்ட கன்டெய்னரில் (நிரலைத் தனிமைப்படுத்தி ஓட்டும் சூழல்) ஓடினால், இந்த ஒரு மாற்றமே அதை வரம்புக்கு மேல் தள்ளக்கூடும். பழைய அளவே வேண்டுமெனில், ஸ்ட்ரீம் மாட்யூலில் அதற்கென உள்ள செயல்கூறைத் தொடக்கத்திலேயே அழைத்து 16 கிலோபைட் என்று அமைத்துக்கொள்ளலாம்.

அதே 22-இல், ஜேசான் கோப்புகளை இம்போர்ட் செய்யும்போது எழுதிவந்த ‘அசர்ட்’ என்ற சொல் நீக்கப்பட்டு, ‘வித்’ என்பது மட்டுமே ஏற்கப்படுகிறது. இது இலக்கணப் பிழையாகவே வெளிப்படுவதால் அந்தக் கோப்பு ஏற்றப்படும்போதே தெரிந்துவிடும். ‘வித்’ 20.10 முதலே செல்லும் என்பதால், மாறுவதற்கு முன்பே திருத்திவிடலாம்.

24-இல் இடம்பெறும் குறியாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் 3.5, பாதுகாப்பு நிலையை 2-ஆக இயல்புநிலையில் வைக்கிறது. 2048 பிட்டுக்குக் குறைவான ஆர்எஸ்ஏ சாவிகள் இனி ஏற்கப்படா. பழைய உள்வலைக் கருவி ஒன்று 1024 பிட் சாவியுடன் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தால், அதனுடன் இணையும் நிரல் 24-இல் நின்றுவிடும். நிலையைத் தாழ்த்த வழி இருக்கிறது. எனினும் அந்தச் சாவியை மாற்றுவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

நான் அதிகம் பேச விரும்புவது, இணைய முகவரியைப் பகுதிகளாகப் பிரிக்கும் ‘யூஆர்எல் பார்ஸ்’ என்ற பழைய செயல்கூறைப் பற்றி. நம் சொந்த நிரலில் அதை அழைத்தால் 24 எச்சரிக்கிறது. தீங்கான முகவரிகளில் ஹோஸ்ட் பெயரைத் தவறாகப் பிரித்துவிடும் இயல்பு அதற்கு உண்டு என்பதால், எச்சரிக்கை நியாயமானதே. ஆனால் அதை எடுத்துவிட்டு ‘யூஆர்எல்’ வகுப்பை வைத்தால் போதும் என்று நினைத்துத் தேடி-மாற்றுவோர் இரண்டு இடங்களில் அடிபடுகிறார்கள். முதலாவது, சர்வருக்கு வரும் கோரிக்கையில் பாதை மட்டுமே இருக்கும், டொமைன் இருக்காது. பழைய செயல்கூறு அதை அப்படியே பிரித்துக் கொடுத்தது, புதிய வகுப்போ அடிப்படை முகவரி ஒன்றை இரண்டாவது உள்ளீடாகத் தராவிட்டால் பிழை எறியும். இரண்டாவது இன்னும் நுட்பமானது. தரவுத்தள முகவரியில் உள்ள கடவுச்சொல்லில் @ குறி இருந்தால் அதை %40 என்று எழுதுகிறோம். பழைய செயல்கூறு அதைத் தானாகவே @ ஆக்கிக் கொடுத்தது. புதிய வகுப்பு %40 என்றே திருப்பித் தரும். விளைவாக, எந்த நிரல் பிழையும் காட்டாமல், கடவுச்சொல் தவறு என்று தரவுத்தளம் மட்டும் மறுக்கும். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் %40 போன்றவற்றை மூலக்குறிகளாக மாற்றும் ‘டிகோட் யூஆர்ஐ காம்பொனென்ட்’ வழியாக அனுப்பிய பிறகே பயன்படுத்துங்கள்.

32 பிட் விண்டோஸுக்கான ஆதரவு 23-ஆம் பதிப்புடன் நின்றுவிட்டது என்பதையும் பழைய இயந்திரங்களை வைத்திருப்போர் நினைவில் கொள்ள வேண்டும்.

கடைசி எண் மாறினாலும் படியுங்கள்

பதிப்பு எண்ணின் மூன்றாவது இலக்கம் மட்டும் மாறினால் அது வெறும் வழுத்திருத்தம், கண்ணை மூடிக்கொண்டு ஏற்றலாம் என்ற நம்பிக்கை பொதுவாகச் சரிதான். ஆனால் 2024 ஏப்ரலில் வெளிவந்த 18.20.2, 20.12.2, 21.7.3 ஆகிய மூன்றும் அந்த நம்பிக்கைக்கு விலக்காக அமைந்தன. விண்டோஸில் பேட்ச் கோப்புகளை (கட்டளைகள் வரிசையாக எழுதப்பட்ட கோப்புகள்) இயக்கும்போது, உள்ளீட்டின் வழியே வேறு கட்டளைகளைப் புகுத்த இடமளித்த ஒரு பாதுகாப்பு ஓட்டை அவற்றில் அடைக்கப்பட்டது. அதன் பயனாக, ஷெல் விருப்பத்தைத் தராமல் பேட்ச் கோப்பை நேரடியாக ‘ஸ்பான்’ செய்த, அதாவது தனிச் செயலாகத் தொடங்கிய நிரல்கள் அனைத்தும் பிழை தந்தன. விண்டோஸில் என்பிஎம் என்பதும் ஒரு பேட்ச் கோப்பு வழியாகவே ஓடுவதால், அதை நிரலுக்குள்ளிருந்து அழைத்த கருவிகள் பலவும் இதில் சிக்கின. ஷெல் விருப்பத்தை இயக்கினால் பிழை போய்விடும் என்பது உண்மை. வெளியிலிருந்து வரும் உள்ளீட்டைச் சரிபார்க்காமல் அதை இயக்கினால், அடைக்கப்பட்ட ஓட்டையை நாமே திறந்தவர்களாவோம் என்பதும் உண்மை.

புதிய வசதிகளை எப்போது தொடுவது

ரன்டைமை மாற்றும் கமிட்டில் (சேமிக்கும் மாற்றத் தொகுப்பில்) புதிய வசதி எதையும் சேர்க்காதீர்கள். சிக்கல் வந்து 20-க்குத் திரும்ப நேர்ந்தால், 24-இல் மட்டுமே ஓடும் நிரல் அந்த வழியை அடைத்துவிடும். இரண்டு வாரமேனும் அமைதியாக ஓடிய பிறகு தொடங்கலாம்.

ஜாவாஸ்கிரிப்ட்டின் புதிய மாட்யூல் முறையான ஈஎஸ் மாட்யூலை, பழைய காமன்ஜேஎஸ் முறையின் ‘ரிக்வயர்’ கொண்டு ஏற்ற முடிவது என் பார்வையில் இவற்றுள் மிகவும் பயனுள்ளது. பல பேக்கேஜ்கள் ஈஎஸ் மாட்யூலுக்கு மட்டும் மாறிவிட்டதால் பழைய பதிப்பிலேயே தங்கிவிட்ட காமன்ஜேஎஸ் திட்டங்கள் ஏராளம். அவை இனி முன்னேறலாம். 20.19, 22.12 ஆகியவற்றிலிருந்தே இது இயல்புநிலையில் கிடைக்கிறது. ஒரே நிபந்தனை, ஏற்றப்படும் மாட்யூலோ அது ஏற்றும் வேறு மாட்யூலோ மேல்மட்டத்தில், அதாவது எந்தச் செயல்கூறுக்கும் வெளியே, ‘அவெய்ட்’ கொண்டிருக்கக் கூடாது. இருந்தால் அதற்கெனத் தனிப்பிழை வரும், அப்போது டைனமிக் இம்போர்ட்தான் வழி.

வகைக் குறிப்புகள் சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட்டான டைப்ஸ்கிரிப்ட் கோப்பை நேரடியாக ஓட்டுவது 24-இல் கொடி எதுவுமின்றி இயலும். இங்கே ரன்டைம் வகைகளைச் சரிபார்ப்பதில்லை. அவற்றை அழித்துவிட்டு, அந்த இடத்தில் வெற்றிடத்தை நிரப்புகிறது. எழுத்துகள் இடம்பெயராததால் பிழைச்செய்தியில் வரும் வரி எண்ணும் நெடுவரிசை எண்ணும் நம் மூலக்கோப்புடன் அப்படியே பொருந்துகின்றன. அழித்தால் மட்டும் போதாத ‘ஈனம்’ போன்றவை இதில் ஓடா. டைப்ஸ்கிரிப்ட்டின் அமைப்புகளைக் கொண்ட டிஎஸ்கான்ஃபிக் கோப்பும் கவனிக்கப்படாது. ஆகவே வகைச் சரிபார்ப்பைத் தனிக் கட்டளையாகத் தொடர்ந்து ஓட்டுவது கட்டாயம்.

‘பெர்மிஷன்’ கொடி, நிரல் எந்தக் கோப்புறையைப் படிக்கலாம், எதில் எழுதலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. நம்பத்தகாத நிரலை அடைத்துவைக்கும் சிறையாக அதைக் கருத வேண்டாம். தீய நோக்குள்ள நிரலிடமிருந்து அது காக்காது என்று நோட்-இன் ஆவணமே தெளிவாகச் சொல்கிறது. உள்ளமைந்த வெப்சாக்கெட் கிளையன்ட், கோப்பு மாறியதும் மீண்டும் ஓட்டும் ‘வாட்ச்’ முறை, ‘ரெக்எக்ஸ்ப் எஸ்கேப்’ ஆகியவை சிறு துணைப் பேக்கேஜ்கள் சிலவற்றை நீக்க உதவும்.

வெளியிடும்போது

பல சர்வர்கள் இருந்தால் ஒன்றை மட்டும் முதலில் மாற்றி, அதன் நினைவகப் பயன்பாட்டையும் பிழைப் பதிவுகளையும் பழைய பதிப்பில் ஓடும் மற்றொன்றுடன் ஒப்பிடுங்கள். ஒரு மணி நேரம் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். நாளுக்கு ஒருமுறை ஓடும் பின்னணிப் பணிகளும் ஒரு சுற்று முடிய வேண்டும். கன்டெய்னர் கோப்பில் ‘லேட்டஸ்ட்’ என்று எழுதாமல் பதிப்பு எண்ணை முழுமையாக எழுதுங்கள். பேக்கேஜ் ஜேசானின் ‘என்ஜின்ஸ்’ பகுதியிலும் அதையே குறியுங்கள். ஆனால் அது பொருந்தாவிட்டால் என்பிஎம் எச்சரிக்க மட்டுமே செய்யும், நிறுவலைத் தடுக்க வேண்டுமெனில் ‘என்ஜின் ஸ்டிரிக்ட்’ அமைப்பையும் இயக்க வேண்டும். எல்லா சர்வர்களும் மாறிய பிறகே சோதனை வரிசையிலிருந்து 20-ஐ நீக்குங்கள்.